நாலாவது தோசை உனக்கு

தோசைக் கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவளுக்குக் கடைசிப் பந்தி. இது எந்த வீட்டில் ஆரம்பித்ததோ, இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. முதல் தோசை கல் பதம் பார்க்க. இரண்டாவது பிள்ளைக்கு. அப்புறம் வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு முறுகலாக ஒன்று, மாமியாருக்குப் பல் வலி என்பதால் மெத்தென்று ஒன்று. எல்லோரும் கை கழுவிய பிறகு பார்த்தால் ஓரம் கிழிந்தது, கல்லில் ஒட்டிப் பிய்ந்தது, மாவை வழித்து ஊற்றியது என்று ஒரு குவியல் தட்டில் கிடக்கும். அதுதான் உன் ராத்திரிச் சாப்பாடு. சட்னிக் கிண்ணத்தில் தாளித்த கடுகு மட்டும் மிஞ்சியிருக்கும்.

தங்கச்சி, அக்கா சொல்வதைக் கேள். நாலாவது தோசை உனக்கு. ஊற்று, எடு, அடுப்பைச் சிம்மில் வை, அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடு. "இன்னொண்ணு..." என்று கூடத்திலிருந்து குரல் வரும். "ரெண்டு நிமிஷம்" என்று சொல். ரெண்டு நிமிஷத்தில் பட்டினியால் யாரும் மயங்கி விழுந்ததாக மதுரை ஜில்லாவில் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கரண்டி மாப்பிள்ளை கைக்குப் போகட்டும். வட்டமாக வராது, ஒரு பக்கம் குஜராத் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பரவாயில்லை, பிய்த்துத்தானே சாப்பிடப் போகிறோம். எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும் என்று தோன்றுகிற நாளில் தோசையை விடு, இட்லி அவி. ஒரே ஈடு, ஒரே பந்தி.

இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. முருங்கை மரம் இல்லாத தெரு உண்டா நம் ஊரில்? கீரையை ஆய்வது நாம், கடைவது நாம், பரிமாறுவது நாம். சட்டியின் அடியில் இருப்பதுதான் நமக்கு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, எந்நேரமும் அசதியா? "வயசாகுதுல்ல" என்று உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதே. ஒரு ரத்தப் பரிசோதனை செய். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் டாக்டரைப் பார், மாத்திரை தருவார். அந்த மாத்திரையைக் காபியோடு விழுங்குகிறவர்கள்தான் பாதிப் பேர். காபியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். கீரை சாப்பிடுகிற அன்று எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் சத்து கூடுதலாகச் சேரும்.

மிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "கொட்டுனா பாவம்" என்று எல்லோர் தட்டில் மிஞ்சியதையும் நீ சாப்பிட்டு முடிக்கிறாய். குப்பைத் தொட்டிக்குப் போனால் பாவம், உன் வயிற்றுக்குப் போனால் புண்ணியமா? தினமும் சோறு மிஞ்சுகிறதென்றால் நாளையிலிருந்து அரை ஆழாக்கு குறைத்துப் போடு. அப்படியும் மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வை. காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போட்டுப் பழைய சோறாகக் கொண்டுவந்து வைத்தால் வீடே பங்கு கேட்கும்.

வேலையைக் கொடு, முழுசாகக் கொடு

மத்திய அரசு 2024ல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 289 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிஷம். இந்த 88 கூட, வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் கணக்கு. தட்டை எடுத்து ஸிங்கில் போடாத மகராசன்கள் இதில் சேர்த்தி இல்லை.

மாப்பிள்ளை நல்லவர்தான். "நான் ஏதாவது ஹெல்ப் பண்ணட்டுமா?" என்று கேட்கிறார். அங்கேதான் சிக்கல். ஹெல்ப் என்று வந்துவிட்டால் வேலை உன்னுடையது, அவர் விருந்தாளி. உப்பு எங்கே, கரண்டி எங்கே, எவ்வளவு போட, போதுமா பாரு என்று அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் நீயே சமைத்திருக்கலாம். அதனால் வேலையைத் துண்டு துண்டாகக் கொடுக்காதே. கேஸ் என்றால் புக் செய்வது, பணம் கொடுப்பது, சிலிண்டரை மாட்டுவது, ரெகுலேட்டரில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது எல்லாம் அவர். ஞாபகம் வைத்துக்கொள்வதும் அவரே. நீ "கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று கேட்டாயானால் வேலை திரும்ப உன் தலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தடவை நடுச் சமையலில் தீரட்டும், கடையில் பரோட்டா வாங்கிக்கொள்ளலாம். அடுத்த முறை அவரே நாள் எண்ணுவார்.

சிலிண்டர் வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்றை அவரிடம் சொல்லி வை. கைப்பிடி வளையத்துக்குக் கீழே உள்ள பட்டையின் உள்பக்கம் ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், இப்படி மும்மூன்று மாதம். பி-27 என்று இருந்தால் 2027 ஜூனுக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனை செய்ய வேண்டும். தேதி தாண்டியதை வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். கேஸ் வாடை வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906. அதை அடுக்களைக் கதவில் எழுதி ஒட்டு.

அடுத்தது கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். பலருக்குத் தெரியாத விஷயம் 500ல் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரைக்கும் கிடைத்த சலுகையும் போய்விடும். 495க்கும் 505க்கும் பத்து யூனிட்தான் வித்தியாசம், பில்லைப் பார்த்தால் நெஞ்சில் கை வைப்பாய். கணக்கெடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னாலேயே மீட்டரைப் பார்ப்பதும் மாப்பிள்ளை வேலை. ஏசி 24ல் நிற்கட்டும். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மின்சிக்கனத்துக்கான மத்திய அமைப்பு. 18ல் வைத்துவிட்டுக் கம்பளி போர்த்திக்கொள்கிற வீரர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

கொடுத்த வேலையைத் திருத்தப் போகாதே. துண்டை அவர் மடித்தால் மூலை சேராது. டம்ளர் வைக்கிற இடத்தில் சப்பாத்திக் கட்டை இருக்கும். இருக்கட்டும். நீ போய்த் திரும்ப மடித்தாயானால் அவர் அடுத்த முறை மடிக்க மாட்டார், நீ ஆயுசுக்கும் மடிப்பாய்.

சிறுவாடு

அப்பத்தா காலத்திலிருந்து நம் வீட்டுப் பெண்களிடம் சிறுவாட்டுப் பணம் இருந்திருக்கிறது. கடுகு டப்பா, அரிசிப் பானை, சேலை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால். 2016 நவம்பர் 8 ராத்திரி 500ம் 1000மும் செல்லாது என்று டிவியில் சொன்னதும் எத்தனை வீடுகளில் டப்பா டப்பாவாகத் திறந்தார்கள்! "இவ்வளவு வச்சிருந்தியா நீ?" என்று ஆம்பளைகள் வாயைப் பிளந்தார்கள். அவசரத்துக்கு உதவட்டும் என்று சேர்த்தது, கடைசியில் கணக்கு ஒப்பிக்க வேண்டியதாகிவிட்டது.

ஆகவே டப்பாவில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு மேல் வைக்காதே. உன் ஒருத்தி பெயரில் ஒரு கணக்கு, உன் செல் நம்பர், உனக்கு மட்டும் தெரிந்த பின் நம்பர். ஜாயின்ட் கணக்கு வேறு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். போஸ்ட் ஆபீஸில் மாதம் 100 ரூபாயிலிருந்து ஆர்.டி. போடலாம், ஐந்து வருஷம். பிபிஎஃப் என்றால் வருஷத்துக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். 15 வருஷம் என்று மலைக்காதே. நீ போட்டாலும் போடாவிட்டாலும் அந்த 15 வருஷம் போகத்தான் போகிறது. மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் வருகிறதென்றால், வந்த அன்றைக்கே அதை ஏடிஎம்மில் எடுக்கப் போகிறவர் யார் என்று பார். கார்டு உன் பர்ஸில் இருக்க வேண்டும். எந்தக் கணக்கு தொடங்கினாலும் நாமினி பெயர் எழுதாமல் வெளியே வராதே. வீட்டுக்காரர் கணக்குகளில் நாமினி யார் என்பதையும் கேட்டு வை. கேட்க ஒரு மாதிரியாக இருக்கும். கேள்.

நகை எடுத்தால் 916 முத்திரை மட்டும் போதாது. 2023 ஏப்ரல் முதல் ஒவ்வொரு நகையிலும் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் நகை நிஜமா என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். தங்க ரேட்டில் பேரம் பேச முடியாது. சேதாரத்தில் பேசு, அங்கேதான் இடம் இருக்கிறது. பில் உன் பெயரில் இருக்கட்டும்.

இப்போது சொல்லப் போவது எல்லாவற்றையும் விடப் பெரிது. தமிழ்நாட்டில் 1989லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தம் வருவதற்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் அந்தத் தடையையும் எடுத்துவிட்டது. 2005ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதும் முக்கியமில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் இத்தனை தூரம் வந்தும் என்ன நடக்கிறது? ஒரு நாள் அண்ணன் அல்வாப் பொட்டலத்தோடு வருவார். "ஒண்ணுமில்லம்மா, ஒரு கையெழுத்து, ரெஜிஸ்டர் ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிடு" என்பார். போகிற வழியில் ஒரு பட்டுச்சேலையும் வாங்கித் தருவார். நீ கையெழுத்துப் போடுவது விடுதலைப் பத்திரம். விடுதலையாவது நீ இல்லை, உன் பங்கு.

அண்ணனோடு சண்டை போடச் சொல்லவில்லை. விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாக விட்டுக்கொடு, ஆனால் எதை விடுகிறோம், அதன் இன்றைய விலை என்ன என்று தெரிந்து விட்டுக்கொடு. "பத்திரத்தைக் குடுங்கண்ணே, படிச்சிட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்" என்று கேட்பதில் குத்தம் எதுவும் இல்லை. அந்த ரெண்டு நாளில் ஒரு வக்கீலிடம் காட்டு. பாகம் எப்போதோ பிரித்துப் பதிந்தாகிவிட்டது, அப்பா உயில் எழுதியிருக்கிறார் என்றெல்லாம் இருந்தால் கணக்கு வேறு. அதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அல்வாவை மட்டும் திருப்பிக் கொடுக்காதே, அது தனிக் கணக்கு.

சும்மா போய்விட்டு வா

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரேஷனுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஏறுகிறோம். ஒரு காரணமும் இல்லாமல் ஏறியிருக்கிறாயா? மாதம் ஒரு நாள் ஏறு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்று முதலில் வருகிற திருப்பரங்குன்றம் வண்டியில் ஜன்னலோரம் உட்கார். இல்லாவிட்டால் தமுக்கத்துப் பக்கம் இறங்கு. ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஸ்கூலில் வரிசையாகக் கைகட்டிப் போனதோடு சரி, அப்புறம் மதுரைக்காரிகள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் அவசரமில்லாமல் நின்றுவிட்டு வா. நத்தம் ரோட்டில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அதுகளை அங்கே உட்கார்த்திவிட்டு நீ ஒரு புத்தகத்தை எடு. படிக்கத்தான் வேண்டும் என்றில்லை. மடியில் விரித்து வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாலும் யாரும் "சும்மாதானே இருக்க, இந்தப் பூண்டை உரி" என்று சொல்ல மாட்டார்கள்.

"எதுக்குப் போற?" என்று வீட்டில் கேட்பார்கள். "சும்மாதான்" என்று சொல். முதல் இரண்டு மூன்று முறை சந்தேகமாகப் பார்ப்பார்கள். அப்புறம் "வரும்போது ஒரு கட்டு புதினா வாங்கிட்டு வா" என்பார்கள். அங்கே மட்டும் ஏமாந்துவிடாதே. புதினா வந்தால் அது சும்மா இல்லை, கடைக்குப் போனது ஆகிவிடும்.

வருகிற வழியில் டீக்கடையில் நின்று தனியாக ஒரு டீ குடி. அங்கே நிற்கிற ஆம்பளைகள் பேப்பரை இறக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், பேப்பரில் என்னதான் இருக்கிறது. நாலைந்து தடவை போனால் மாஸ்டரே "சக்கரை கம்மியாத்தானக்கா?" என்று கேட்பார். அந்த ஏரியாவில் உனக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

கேள்வி கேட்பவர்களுக்கு

கல்யாண வீடு என்றால் பந்தியில் பாயசம் வருகிறதோ இல்லையோ, கேள்வி வரும். "இன்னும் விசேஷம் இல்லையா?" "ஒண்ணோட நிறுத்திட்டியா?" "என்ன இப்படிக் குண்டாயிட்ட?" பதில் சொன்னால் இரண்டாவது கேள்வி, சொல்லாவிட்டால் திமிர். வழி ஒன்றுதான். "அது கிடக்கட்டும் பெரியம்மா, உங்க முழங்கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று கேள். போதும். எக்ஸ்ரே எடுத்ததிலிருந்து மருமகள் தைலம் தேய்த்துவிடாதது வரைக்கும் ரசம் சாதம் முடிய ஓடும். உன் விசேஷம் அவருக்கு மறந்தே போயிருக்கும். முழங்கால் வலி இல்லாதவர்களிடம் மகன் கட்டுகிற வீட்டைக் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற சித்தப்பாவுக்கு மட்டும் தனி வைத்தியம்: "பத்த மாட்டேங்குது சித்தப்பா, நானே உங்ககிட்ட ஒரு அம்பதாயிரம் கைமாத்துக் கேக்கலாம்னு இருந்தேன்." கை கழுவப் போய்விடுவார்.

போனில் வருகிற கேள்விகள் வேறு ரகம். போலீஸ் என்றும் சிபிஐ என்றும் வீடியோ காலில் வந்து "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்றால் கட் செய். அப்படி ஓர் அரெஸ்ட் நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. பணம் போய்விட்டால் அழுவதற்கு முன்னால் 1930க்குப் போன் போடு. சீக்கிரம் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று ராத்திரி முழுக்க மறைத்து வைத்தால் அந்த வாய்ப்பும் போகும்.

பீரோவைத் திற

கடைசியாக உன் பீரோ. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு, வளைகாப்புப் பட்டு, நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கியது எல்லாம் அடுக்கி, நடுநடுவே அந்துருண்டை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாய். விசேஷத்துக்குக் கட்டலாம் என்று எடுத்து வைத்தது. விசேஷம் வந்தால் "இதை எல்லாரும் பாத்துட்டாங்க" என்று புதுசு எடுக்கிறாய். பழையது உள்ளேயே இருக்கிறது.

பட்டு பூட்டி வைத்தால் நிலைக்கிற பொருள் இல்லை. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த மடிப்பிலேயே ஜரிகை கறுத்து முறியும், சேலை கோடு போட்டாற்போல் கிழியும். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது. பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடி. இத்தனை பாடு படுவதற்கு அதைக் கட்டிக்கொண்டே போகலாம். பேங்குக்குக் கட்டு, பிள்ளை ஸ்கூல் மீட்டிங்குக்குக் கட்டு. "என்ன விசேஷம்?" என்று கேட்டால், இன்றைக்கு வியாழக்கிழமை என்று சொல். ஷோகேஸில் இருக்கிற அந்தப் பீங்கான் கப்புகளுக்கும் இதே சட்டம்தான். விருந்தாளிக்கு என்று வைத்திருக்கிறாய், வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் சர்க்கரை வியாதி, காபியே வேண்டாம் என்கிறார்கள்.

அந்த மயில்கழுத்துக் கலர் சேலையை வெளியில் எடுத்து, இந்த வாரமே ஒரு நாள் கட்டு. கட்ட மனசு வரவில்லை என்றால் இப்போதே சொல்லிவிடு. அடுத்த மாதம் எனக்கு ஒரு காதுகுத்து இருக்கிறது, பிளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும்.